இறைச்சி மாட்டுப் பண்ணையிலிருந்து தேக்காவுக்கு

பேருந்து நகரவில்லை என்று இறங்கி, மலேசியாவின் ஜொகூர் பாருவை முதுகுக்குப் பின்னால் விட்டு, கடற்பாலத்தின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். சிங்கப்பூர்ப் பக்கம் உட்லண்ட்ஸ் வரை ஒரு கிலோமீட்டர்தான். வெயிலில், பையோடு, கொஞ்சம் நீண்டது.

ஜொகூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாட்டுப் பண்ணையில் இருந்தேன். ஆய்வு முடிந்தது, வேலையும் முடிந்தது. சிறிய உள்ளூர்ப் பசுவையும் பெரிய பிராமன் இனக் காளையையும் இணைத்து, வெயில் தாங்கி, வெறும் புல்லிலேயே எடை கூடும் இறைச்சி மாட்டை உருவாக்கும் ஆய்வு. பிறந்த கன்றைத் துடைத்து, எடை போட்டு, காதில் எண் மாட்டுவது என் பொறுப்பு. உயர்நிலை இரண்டாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன் நான். அந்த மந்தை நடுவே நிமிர்ந்து நிற்பேன்.

உட்லண்ட்ஸில் 170ஆம் எண் பேருந்து பிடித்து, நம்மவர் கடைகள் நிறைந்த தேக்கா வந்தேன். பொங்கல் நெருங்கியிருந்தது. பொங்கலுக்கு மாடுகளைப் பார்வைக்குக் கட்டிவைக்கும் கொட்டகை முன் நின்ற லாரியிலிருந்து ஒரு பசு இறங்க மறுத்தது. நாலு பேர் கயிற்றை இழுக்க, எதிரே கூட்டம் படம் எடுத்தது.

“கயித்த விடுங்கண்ணே. முன்னால நிக்கிறவங்கள நகரச் சொல்லுங்க.”

“நீங்க யாரு லா, மாட்டு டாக்டரா?” என்றார் கொட்டகைப் பொறுப்பாளர் சேகர்.

“மாடு மேய்க்கிறவன்.”

கூட்டம் விலகியதும் லாரியில் ஏறி, பசுவின் தோளுக்குச் சற்றுப் பின்னால் நெருங்கினேன். அது தானே நடந்து இறங்கியது.

சேகர் டீ வாங்கித் தந்தார். “பொங்கல் முடியிற வரைக்கும் பாத்துக்க ஆள் வேணும். எங்க வேலை செஞ்சீங்க? பால் பண்ணையா?”

ஆமாம் என்றால் வேலை கிடைத்துவிடும். வேறு வேலையும் கைவசம் இல்லை.

“இல்லண்ணே. இறைச்சி மாடு.”

“ஐயோ! பொங்கல் மாட்டுப் பக்கத்துல உங்கள நிறுத்துனா சனங்க என்னைய உரிச்சிடுவாங்க. பால் பண்ணைன்னே சொல்லுங்க, ஓகே லா?”

“கேட்டா உள்ளதத்தான் சொல்வேன். அந்தக் கன்னுங்கள நல்லா வளத்தேன்.”

பசுவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “காலைல ஆறு மணிக்கு வாங்க. யாரும் கேக்காம இருந்தா நல்லது.”

மறுநாள் சாணி அள்ளிக்கொண்டிருந்தபோது, பூவும் குங்குமமும் வாங்கிவிட்டு வந்த ஒரு பெண்மணி வேலியருகே நின்றார்.

“மாட்டு வேலை எங்க தம்பி கத்துக்கிட்டீங்க?”

சேகர் திரும்பிப் பார்த்தார்.

“ஜொகூர்லம்மா. இறைச்சி மாட்டுப் பண்ணை.”

அவர் பசுவின் கொம்பைப் பார்த்தார். “அதெல்லாம் முட்டுமா?”

“முட்டும்மா.”

“அப்ப இது உங்களுக்கு ஒண்ணுமில்ல. கொம்புகிட்டப் போக எனக்குப் பயம்,” என்று குங்குமத்தை நீட்டினார். “நீங்களே வச்சுவிடுங்க.”

கையைக் கழுவிவிட்டு வந்து, பசுவின் நெற்றியில் வைத்தேன்.