லொறிக்காரனுக்கு எதற்கு நல்ல காற்று?

லொறியைத் திருத்துகிறவனைப் பற்றி ஊர் பேசும். லொறிக்குள் வருகிற காற்றைத் திருத்துகிறவனை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இலங்கை மலைநாட்டில், பதுளை பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு கராஜில் நான் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஜப்பானில் ஓடி முடித்த லொறிகள் ஏ.சி.யோடு நம்மூருக்கு வர ஆரம்பித்த காலம் அது. அவற்றில் இடது பக்கம், டேஷ்போட் பெட்டிக்குப் பின்னால், காற்றை வடிகட்ட ஒரு பில்டர் இருக்கும். அல்லது இருக்க வேண்டும். பெட்டியைக் கழற்றி, அது இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் ஒன்றைப் போட்டுவிடுவது என் வேலை. முதுகை வளைத்து, தலையை டேஷ்போட்டுக்கு அடியில் செருகி, அடுத்தவன் தூசைத் தின்று பிழைத்தவர்கள் யாராவது இதை வாசித்தால், மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை.

பெட்டி இருக்கு, உள்ளே ஒன்றுமில்லை

மரக்கறி ஏற்றும் லொறி ஒன்று வந்தது. டிரைவர் பெயர் ராஜு. ஏ.சி. போட்டால் முகத்தில் மண் அடிக்கிறது என்றார். கூடவே முதலாளியும் வந்திருந்தார். டேஷ்போட் பெட்டியைக் கழற்றி, பின்னால் இருந்த மூடியைத் திறந்தால், பில்டர் நுழைகிற இடம் காலியாகக் கிடந்தது. ஓரமெல்லாம் காய்ந்த இலைகளும், ஏற்றிய கோவா மரக்கறியின் இலைத் துண்டுகளும்தான். கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே யாரோ உருவியிருக்க வேண்டும். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வாங்குறப்பவே இல்லையே. இல்லாமத்தானே இவ்வளவு நாளும் ஓடுச்சு? மூடியைப் போட்டு இறுக்கிரு" என்றார். முதலாளி டீ குடிக்க எதிர்க் கடைக்குப் போனதும், ராஜு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "அவரு இந்த லொறியில ஏறுனது பூசை போட்ட அன்னைக்கு மட்டுந்தான் பாஸ். அன்னைக்கி ஏ.சி. போடல."

நாற்றம்

ஒரு தோட்டத்துத் தேயிலை லொறி. வண்டிக்குள் உட்கார முடியாத நாற்றம். கொண்டுவந்தவர் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்க்கும் ஒருவர், இஸ்திரி கலையாத சட்டை. மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன், இந்த லயத்து ஆளுகளை முன்னால ஏத்தாதேன்னு. வெத்தலையும் வேர்வையுமா வந்து குந்திக்கிறாங்க. இப்ப பாரு" என்று டிரைவரைத் திட்டினார். நானும் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன்தான். அது அவருக்குத் தெரியாது.

பில்டரை இழுத்தேன். வர மறுத்தது. பலமாக இழுத்ததும் ஒரு எலிக் கூடே வெளியே விழுந்தது. தேயிலைப் பஞ்சு, சாக்கு நூல், நடுவில் செத்து அழுகிப்போன ஒரு எலி. அதைப் பழைய பேப்பரில் ஏந்தி அவர் முன்னால் நீட்டினேன். இவ்வளவு நாளும் நாறியது மனுஷன் இல்லை என்று அவர் வாயாலேயே ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தேன். டிரைவரும் அதற்காகத்தான் காத்து நின்றார். உத்தியோகக்காரர் எட்டி நின்று அந்த எலியை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுவும் லயத்துலருந்துதான் வந்திருக்கும்."

கரி

மொனராகலையில் கரும்பு ஏற்றும் லொறிக்காரர் ஒருவர், நல்ல சிங்கள மனுஷர், தன் டிரைவருக்கு இருமல் என்று கரி போட்ட பில்டர் கேட்டிருந்தார். தூசோடு புகை வாடையையும் அது பிடிக்கும். கொழும்பில் சொல்லி எடுத்து, மாட்டிக் கொடுக்க நானே பஸ்ஸில் கொண்டுபோனேன். யுத்த காலம், வழியில் செக்பொயின்ட். எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் என் தமிழ்ப் பெயரையும் தோட்டத்து விலாசத்தையும் பார்த்த ஆமிக்காரப் பொடியன் என் பையைத் திறந்தான். கறுப்பாக ஒரு பொருள். ஆட்டினால் உள்ளே குறுமணி உருளும் சத்தம். என்ன என்று கேட்டான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "கரி" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல? அந்தக் கறுப்புக் குறுமணியை வெடிமருந்து என்று நினைத்துவிட்டார்கள். பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது.

மண்மூட்டைக்குப் பக்கத்தில் என்னைக் குந்தவைத்தார்கள். கைகளைத் தலைக்கு மேல் வைக்கச் சொன்னார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் என்னோடு கதைத்துக்கொண்டு வந்தவர், போகும்போது என்னைத் தெரியாத மாதிரி ஜன்னலை மூடியதுதான் கையை விட அதிகமாக வலித்தது. பொழுது சாயும் நேரத்தில் லொறிக்காரரே தேடி வந்து, சாமானம் தன்னுடையது என்று சொன்ன பிறகுதான் எழும்பவிட்டார்கள். அதற்குள் பில்டரைப் பிளேடால் கீறி, கரியைத் தரையில் கொட்டிக் கிண்டிப் பார்த்து முடித்திருந்தார்கள். அந்தப் பொடியனின் இமையிலும் மீசையிலும் செம்மண் அப்பியிருந்தது. கீறிய பில்டரை என் கையில் கொடுத்துவிட்டு சிங்களத்தில் கேட்டான்: "லொறிக்குள்ள கதவைச் சாத்திட்டு இருக்கிறவனுக்குத் தூசு படக் கூடாது. நாள் பூரா ரோட்டில நிக்கிற எனக்கு இதை யாரு தருவா?"

சரக்கு

கொழும்பிலிருந்து எடுக்க வழியில்லாத நாட்களில், படுக்கைக்கு மேல் கட்டும் நுளம்பு வலையையும் மெத்தை ஸ்பொஞ்சையும் அளவாக வெட்டி நாங்களே பில்டர் செய்துகொள்வோம். கடைத்தெருவில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருந்த, எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரிடம் போய், ஒழுங்கான சரக்கைக் கொஞ்சம் எடுத்து வைத்தால் என்ன என்று சண்டை போட்டேன். ஒரு தடவை எடுத்தும் வைத்தார். எல்லாம் ராக்கைத் தட்டில் கிடந்து, பில்டருக்கு மேலேயே தூசு படிந்தது. அதைத் தட்டிக்கொண்டே நானா சொன்னார்: "ஹோர்ன் கேட்டு வாறாங்க, கலர் பல்ப் கேட்டு வாறாங்க. மூச்சு கேட்டு இந்தக் கடைக்கு யாரு வந்திரிக்கா, சொல்லுங்க பார்ப்பம்?"

மடுல்சீமை

மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில், அதை நடத்தும் துரையின் புது டபுள் கேப் பிக்கப்புக்கு பில்டர் போட வரச் சொன்னார்கள். அவருடைய மகளுக்குத் தூசு ஒத்துக்கொள்ளாதாம். பங்களா முற்றத்தில் நின்ற வண்டியின் டேஷ்போட் பெட்டியைக் கழற்றிப் புல்லில் வைத்திருந்தேன். மலைப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களைக் குளவி கொட்டிவிட்டது. மற்றவர்கள் ஓடித் தப்பிவிட்டார்கள். லெச்சுமி என்கிற ஒருத்தி மட்டும் தண்ணீர் போகும் கான் ஓரத்தில் விழுந்துவிட்டாள். படங்குச் சாக்கில் வைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். அவள் புருஷன் முனியாண்டி முன்னால் ஓடிவந்தார். அவளுடைய முகம் வீங்கி, கண் இருந்த இடம் தெரியவில்லை. மூச்சு விசில் மாதிரி இழுத்தது.

தோட்டத்து லொறி கொழுந்தோடு தொழிற்சாலைக்குப் போயிருந்தது. முற்றத்தில் நின்றது இந்த வண்டி ஒன்றுதான். நான் பில்டரை உள்ளே தள்ளி, பெட்டியை ஸ்குரூ இல்லாமலே அமுக்கிவிட்டு, "வண்டி ரெடி, ஏத்துங்க" என்று கத்தினேன். பங்களாச் சமையல்காரர் உள்ளே ஓடினார். திரும்பி வரும்போது அவரால் எங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "லொறிக்கு ஆள் போயிருக்காம். தொரை அதுலயே கொண்டுபோகச் சொல்றாங்க. இதுல வாந்தி எடுத்துட்டா சீட்டெல்லாம் நாசமாயிருமாம்" என்றார். சாவி பங்களாவுக்குள்ளேயே இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. கதவைத் தட்டி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. காத்திருந்தோம்.

லொறி வந்தது. கொழுந்துச் சாக்குகளின் மேல் அவளைக் கிடத்தினோம். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். அந்த ரோட்டில் பள்ளத்துக்குக் குறைவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் தலையை முனியாண்டி இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தார். பசறை ஆஸ்பத்திரிக்கு இன்னும் கொஞ்சத் தூரம்தான் இருந்தது. விசில் சத்தம் நின்றுவிட்டது. பில்டர் வந்த காலி அட்டைப்பெட்டி என் மடியிலேயே இருந்தது. அவசரத்தில் அதையும் கொண்டுவந்திருக்கிறேன். அதைப் பார்த்து முனியாண்டி சொன்னார்: "புதுக் காத்துல்ல. எங்க மூச்சு பட்டா அழுக்காயிரும்னு நெனச்சிருப்பாரு."

என் நெஞ்சு

பழைய பில்டரைக் கழற்றினால் வாசலில் வைத்து கொம்ப்ரஸர் காற்றால் ஊதுவோம். எங்கள் கராஜில் முகத்துக்குத் துணி கட்டுவது வழக்கமில்லை. வாடிக்கையாளர் பார்த்தால் சிரிப்பார் என்பார் கராஜ்காரர். இருமல் வந்தது, போகவில்லை. படியேறினால் மூச்சு வாங்கியது. கடைசியில் பதுளை ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுருட்டுக் குடிப்பீரா என்று கேட்டார். இல்லை என்றேன். தொழில் என்ன என்று கேட்டார். லொறிக்குள் சுத்தமான காற்று வருவதற்கு பில்டர் போடுகிறேன் என்று சொன்னேன்.

அவர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. மருந்து எழுதினார். இந்த வேலையை விடச் சொன்னார். விட்டால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? கதவு வரைக்கும் போன என்னைத் திரும்பக் கூப்பிட்டு, கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: "ஐசே, ஊரில இருக்கிற லொறிக்கெல்லாம் ஒண்டு பூட்டினனீர், உம்மட மூக்குக்கு ஒரு துண்டுத் துணி கட்ட ஏலாமல் போச்சோ?"

காற்று எல்லோருக்கும் பொது என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் இன்னும் ஒரு டேஷ்போட் பெட்டியையும் கழற்றிப் பார்த்ததில்லை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.