பளபளக்கும் சீட்டும் பட்டுப் புடவையும்

ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் நான் குமாஸ்தா. துருப்பிடித்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, ஆறு மாதம் கழற்றி மாட்டினேன். முடிவில் நான்கு போல்ட்டுகள் மிஞ்சின; இருந்தும் வண்டி ஓடியது. சீட்டுக்கு, எங்கள் தொழிற்சாலையிலேயே அதிகம் பளபளக்கும் ஷூ தோலைத் தேடிப் பிடித்துத் தைத்தேன். அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி ஸ்டெல்லா பட்டுப் புடவையோடு பின்னால் ஒரு பக்கமாக உட்கார, சர்ச்சுக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் வண்டியின் பெருமையைப் பேசினேன். அவள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினாறு வருட இல்லறத்தில் அப்படி நடந்ததே இல்லை என்பதால் திரும்பிப் பார்த்தேன். சீட் காலி.

வண்டியைத் திருப்பி வந்த வழியே ஓட்டினேன். முந்தைய திருப்பத்தில், தோல் பதனிடப் பயன்படுத்திவிட்டுக் கொட்டியிருந்த மரப்பட்டைக் குவியல்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அடி பட்டுச்சா ஸ்டெல்லா?"

"எனக்கு ஒண்ணும் ஆகலைங்க. மொதல்ல வண்டிய ஸ்டாண்ட் போடுங்க, நீங்க விழுந்துடப் போறீங்க" என்றாள். "இன்னா சீட்டுங்க இது, சறுக்குமரமாட்டம்!"

மறுநாளே தோலின் சொரசொரப்பான பக்கம் மேலே வரும்படி திருப்பித் தைத்தேன். இப்போதெல்லாம் அவள் கை என் தோளில் விழுந்த பிறகுதான் கியர் போடுகிறேன். வீடு வந்து சேர்ந்த பிறகும் அந்தக் கையை அவள் உடனே எடுப்பதில்லை. நானும் ஞாபகப்படுத்துவதில்லை.