இரும்பு ஆளைத் திருப்பி வச்ச காலை

பத்து மணிக்குச் சிலை திறப்பு. எட்டு மணிக்கு ராணியம்மா சிலையைப் பார்த்தாங்க. பார்த்ததும், "இத எடுங்க"ன்னாங்க.

முப்பது வருசம் ஃபேக்டரியில வெல்டர் நான். ரிட்டயர் ஆனப்புறம் செஞ்ச முதல் சிலை அது. பைப்பு, பிளேட்டு, செயினு, எல்லாம் ஸ்கிராப். தங்கச் சுரங்கம் இருந்த மாரிகுப்பத்துல, ராணியம்மா வீட்டு முன்னால நிறுத்தியாச்சு.

ராணியம்மா வீட்டுக்காரர் மைன்ல பாறை வெடிச்சுச் செத்துப் போனவரு. சிலை கேட்டது மகன் பாபு. "அப்பா ஷிப்டுக்குப் போகணும், அம்மா வாசல்ல நிக்கணும். அம்மாவுக்குச் சொல்லாதீங்கண்ணா"ன்னான். செஞ்சேன். ஆளு தலையில லைட்டு, கையில டிபன் கேரியர். முதுகு காட்டிப் போறாரு. பின்னால அம்மா கையைத் தூக்கி, வாயைத் திறந்து கூப்பிடுறாங்க. அந்த வாய் என் சொந்த யோசனை.

"ஷிப்டுக்குப் போறவர பின்னால இருந்து கூப்பிடுவாங்களா? இன்னா வெல்டரே, நீங்களும் இந்த ஊரு தானே?"ன்னாங்க ராணியம்மா.

தெரியும். எங்கம்மாவும் கூப்பிட்டதில்ல. செய்யறப்ப மறந்துட்டேன்.

"கடைசியா போன அன்னிக்கி கேரியர வுட்டுட்டுப் போனாரு. பாத்துக்கினே நின்னேன். கூப்பிட்டா ஆகாதுன்னு கூப்பிடல. பசியோட போயிட்டாரு."

"வேணாம்ணா, திறப்ப நிறுத்திடலாம்"ன்னான் பாபு.

சிலையைச் சுத்தி ஒரு தரம் நடந்தேன். அட! அம்மாவைத் தொடவே வேணாம். ஆளைத் திருப்பினா போதும்!

"தாசு, செயின் பிளாக் எடு!" தாசு என்கூட வேலை பார்த்த ஃபிட்டர்.

"ரெண்டு மணி நேரத்துல நீ ஷேவே பண்ணி முடிக்க மாட்டியே மச்சான்."

"பேசாத. மாட்டு."

பாதத்துல நாலு வெல்டு. கட்டிங் டார்ச்ல அறுத்தேன். செயினை இழுத்தோம். ஆளு தரையை விட்டுக் கிளம்பினாரு. "மெள்ள! மெள்ள!"ன்னு தெருவே கத்துது. தாசு சிலையோட தோளைப் பிடிச்சு அரைச் சுத்து சுத்தினான். இறக்கி வெல்டு அடிச்சேன். மணி ஒம்போதே முக்கால். தாசு என் தாடையைத் தடவிப் பார்த்தான்.

இப்ப ஆளு வீட்டுக்கு வர்றாரு. அம்மா கை தூக்கி வாங்கன்னு கூப்பிடுறாங்க. அதே கை, அதே வாய்.

ராணியம்மா கிட்ட வந்தாங்க. கேரியர் மேல கை வச்சாங்க.

"சாப்ட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. இரும்பைத்தான்.

வெல்டிங் கத்துக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஒரு வீட்டு ஆளைச் செஞ்சா, வாசல்ல நின்னவங்க வந்து பாக்கற வரைக்கும் முழு வெல்டு அடிக்காதீங்க. அங்கங்க புள்ளி மாதிரி டேக் மட்டும் போட்டு நிறுத்துங்க.