பிஸ்கட் தகரத்தில் போடாத படம்

மலாக்கா காஜா பெராங்கில் என் ஸ்டூடியோவுக்கு வராத முகம் ஏதாவது உண்டா என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். செங்கிலிருந்து பஸ்ஸில் வருவார்கள், செமாபோக்கிலிருந்து சைக்கிள் மிதித்து வருவார்கள். நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவதோடு நின்றவன். ஆனால் பெரிய உத்தியோகஸ்தர்களையே "கழுத்தை நிமிர்த்துங்க" என்று அதட்டியவன். நிமிர்த்தினார்கள். ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், ஸ்டூடியோவில் தரை துடைத்துக்கொண்டே கற்ற தொழில் இது. நாடு சுதந்திரம் வாங்குவதற்கு முன்பே நான் சொந்தக் கடைக்குப் பலகை மாட்டிவிட்டேன்.

அப்போதெல்லாம் எல்லா ஸ்டூடியோவிலும் ஒரே வழக்கம்தான். கழுவிக் காயவைத்த படங்களை மொத்தமாக ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு மேசைமேல் வைத்துவிடுவோம். வருகிறவர்கள் கையை விட்டுக் கிளறி, தங்கள் படத்தைத் தாங்களே எடுத்துக்கொள்வார்கள். கிளறும்போது ஊர்ப் படம் அத்தனையும் பார்த்துவிடுவார்கள். "அடி, இவ எப்ப நகை போட்டா?" என்று பேச்சு நடக்கும். படம் வாங்க வருகிற பெண்களுக்கு அதுதான் பாதிச் சந்தோஷம். என் கடையில் மட்டும் பூட்டுப் போட்ட ஒரு டிராயரும் இருந்தது. தகரத்தில் போடாதே என்று யாராவது சொன்னால், அந்தப் படம் டிராயருக்குள் போகும். அந்த யோசனை என்னுடையது. தவுக்கேகூடப் பிறகு அதைப் பார்த்துத்தான் செய்தார்.

ஒரு விடுமுறையில் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற இரண்டு பேர் ஒரு மத்தியானம் உள்ளே வந்தார்கள். பெண்ணை எனக்குத் தெரியும். பக்கத்துத் தெருவில் இருந்த கிராணியின், ஆபீஸ் குமாஸ்தாவின், ஒரே மகள், தாயில்லாத பிள்ளை. பையன் செட்டிக் கம்பத்தைச் சேர்ந்தவன். அந்தக் கம்பத்துக்காரர்கள் நம்மைப் போலவே சாமி கும்பிடுகிறவர்கள், வீட்டில் பேசுவது மட்டும் மலாய். இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துப் படம் எடுத்தேன். கல்யாணம் ஆகாத இரண்டு பேர் அப்படி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வது அந்தக் காலத்தில் சாதாரணமில்லை. இடையில் ஒரு முழம் விட்டுத்தான் உட்கார்ந்தார்கள். ஆனால் அவர்கள் சிரித்த சிரிப்பில் அந்த ஒரு முழம் காணாமல் போய்விட்டது. அப்படி ஒரு சிரிப்பைப் பிடிக்க என் கை மாதிரி ஒரு கை வேண்டும்.

போகும்போது அந்தப் பெண் தயங்கி நின்றாள்.

"அண்ணே, தகரத்துல போட்டுடாதீங்க. ஒரு பேச்சு காதுக்கு வந்தாலும் படிப்ப நிறுத்திடுவேன்னு சொல்லித்தான் அப்பா அனுப்பியிருக்காரு. இன்னும் ஒரு வருசம்தான்ணே."

"நீ போம்மா. படத்துல இருக்கறவங்க ரெண்டு பேரும் சேர்ந்து வந்து கேட்டாத்தான் அது வெளியே வரும்."

மறுநாளே பையன் தனியாக வந்து நின்றான். "அபாங், காம்பார் சுடா சியாப்?" படம் தயாரா என்கிறான்.

"தயார்தான். தனியா வந்தா தா போலே," என்றேன், முடியாது என்று. காதைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். நல்ல பையன்தான். ஆனால் விதி என்றால் எல்லாருக்கும் விதி.

இரண்டு நாள் கழித்துக் கிராணி வந்தார். அவர் மகளும் ஒரு பையனும் என் கடைப் படி ஏறியதை முடிவெட்டும் கடையில் யாரோ சொல்லிவிட்டார்கள். கடையில் அப்போது பிள்ளைகளுக்குப் பவுடர் பூசிக்கொண்டு இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து தகரத்தைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்தார். ஊர் முகமெல்லாம் சரிந்து விழுந்தது. ஒவ்வொன்றாகப் புரட்டினார். மகள் அதில் இல்லை.

"டிராயரத் திறப்பா."

"அது முடியாதுங்க, கிராணி ஐயா."

"எம்மவ படம் உள்ளே இருக்கா இல்லையா? அதச் சொல்லு."

"இருக்குன்னும் சொல்லமாட்டேன், இல்லன்னும் சொல்லமாட்டேன்."

"நான் அவளப் பெத்த அப்பன்யா!"

"உங்க படத்தக் கேளுங்க, இப்பவே எடுத்துத் தரேன்."

அவர் முகம் மாறியது. காத்திருந்த பெண்கள் பவுடரை நிறுத்திவிட்டார்கள். நான் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "அந்த டிராயர்ல யார் யார் படம் இருக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் நான் சொன்னதில்ல. உங்க மக வந்து கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்."

விஷயம் இதுதான். சில மாதத்துக்கு முன்பு அதே கிராணி இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு என்னிடம் படம் எடுத்தார். சிரம்பானில் ஒரு விதவைப் பெண்ணை அவருக்குப் பேசியிருந்தார்களாம், அங்கே அனுப்ப. படத்தில் நரைத்த மீசையை என் தூரிகையால் கறுப்பாக்கித் தந்தேன், பத்து வயது குறைத்துவிட்டேன். "மகளுக்குத் தெரியக்கூடாது, தகரத்துல போட்டுடாதப்பா" என்று அன்றைக்குக் கெஞ்சியவர் அவர்தான். இரண்டு பிரதியில் ஒன்றை அனுப்பிவிட்டு மற்றொன்றை அந்த டிராயரிலேயே விட்டுவைத்திருந்தார்.

கிராணி ஸ்டூலில் உட்கார்ந்தார். கோப்பி வரவழைத்துக் கொடுத்தேன். பாதி குடித்தவர், கவிழ்த்த படங்களை அவரே பொறுக்கித் தகரத்தில் போட்டார்.

"நீ பெரிய ஆளுப்பா," என்றார்.

"அது உங்களுக்கு இப்பத்தான் தெரியுதா?"

சிரிக்காமல் எழுந்து போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை மகளைச் சிங்கப்பூர் பஸ்ஸில் அவரே ஏற்றிவிட்டார். பெட்டியையும் அவரே தூக்கிக்கொண்டு போனதை என் கடை வாசலிலிருந்து பார்த்தேன்.

அடுத்த வருடம் அவள் பட்டம் வாங்கிய கையோடு, அந்தக் கறுப்பு அங்கியில் என்னிடம்தான் படம் எடுத்தாள். அப்பாவும் கூட வந்திருந்தார்.

"இதத் தகரத்துல போடாத," என்றார் கிராணி. "வெளியில கண்ணாடிப் பெட்டியில மாட்டு. நாலு பேர் பாக்கட்டும்."

நான் அவளைப் பார்த்தேன். "என்னம்மா, மாட்டட்டுமா? படம் உன்னோடது."

அவள் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மாட்டுங்கண்ணே," என்றாள். காஜா பெராங் முழுக்க அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டுத்தான் போனது.

பெஞ்சில் எடுத்த படம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பிறகு ஒருநாள் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள், நெகட்டிவோடு எடுத்துக் கொடுத்தேன். அதற்குமேல் தெரியவேண்டுமென்றால் அவர்களைத்தான் கேட்கவேண்டும். நான் சொல்லமாட்டேன்.