எந்தத் தோட்டத்து விதை

என் அக்கா புருஷனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லச் சொன்னால், ஒட்டுக் கட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று சொல்வேன். அதற்கு மேல் கேட்காதீர்கள். வாயில் வேறு வார்த்தை வந்துவிடும்.

சாலையோரத்தில் அவருக்கு ஒரு நாற்றுப்பண்ணை இருந்தது. பச்சை வலைப் பந்தல், கறுப்புப் பைகளில் வரிசையாக மாங்கன்றுகள், ஒழுகுகிற தண்ணீர்க் குழாயால் எப்போதும் சேறாகக் கிடக்கும் வாசல். வீடு அதற்குப் பின்னால். மாங்கொட்டையைப் பையில் முளைக்கப் போடுவார். கன்று பென்சில் கனத்துக்கு வந்ததும் அதன் தலையைக் கத்தியால் சீவிவிட்டு, நன்றாகக் காய்க்கிற தாய்மரத்தின் குச்சியை அந்த வெட்டில் செருகி, நாடாவால் இறுக்கிக் கட்டுவார். அதுதான் ஒட்டுக்கன்று. மேலே வளர்வது தாய்மரத்தின் அச்சு அசல். கீழே வேராக இருந்து உழைப்பது, தலை போன விதைக்கன்று.

"விதைய நம்பாதீங்க," என்பார், கன்று வாங்க வருகிறவர்களிடம். "தேனா இனிக்கிற பழத்தோட கொட்டைய நட்டா, புளிச்சுத் தொலைக்கும். குச்சி ஏமாத்தாது. விதை எந்த மரத்து மகரந்தத்த வாங்கிச்சோ, யாரு கண்டா?"

மரத்தோடு நிறுத்தியிருந்தால் நான் ஏன் இதை எழுதப் போகிறேன்!

அக்காவுக்கு முதலில் பையன் பிறந்தான். கூடிய புருவம், விரிந்த காது, சிரித்தால் ஒரு பக்கம் கோணுகிற வாய், எல்லாம் மாமாவுடையது. பார்க்க வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல், "அப்பன அப்படியே உரிச்சு வெச்சிருக்கான்" என்றார்கள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. பையனுக்கு 'ஒட்டு' என்றே செல்லப் பெயர் வைத்துவிட்டார்.

அடுத்தது பெண். பூனைக்கண், சுருட்டை முடி. இரண்டு பக்கத்து உறவிலும் அந்தக் கண் யாருக்கும் கிடையாது. தொட்டிலை எட்டிப் பார்த்த மனுஷன், தையல் வலியோடு படுத்துக் கிடந்த என் அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி, "இது எந்தத் தோட்டத்து விதை?"

என் கையில் சுடுதண்ணீர் பிளாஸ்க் இருந்தது. அதை அவர் தலையில் போடாமல் விட்டேனே என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்தப் பெண்ணுக்கு 'விதைக்கன்னு' என்பதே பெயராகிப் போனது. பண்ணையில் வேலை செய்கிறவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு யாராவது வந்தால், "இவன் என் மகன், அது விதைக்கன்னு" என்பார். மகள் என்ற சொல் அவர் வாயிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை. அந்த ஒரு சொல்லுக்காக அந்தக் குழந்தை என்ன பாடு பட்டது தெரியுமா? ஒரு நாள் துணி தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியால் தன் முடியைத் தேய்த்து நீட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். காது வெந்து கொப்பளித்திருந்தது. மாமா ஏற இறங்கப் பார்த்தார்.

"முடி சரி. கண்ண என்ன பண்ணப் போற?"

அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறவள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே அவருடைய கட்டு நாடாவில் சிவப்பில் ஒரு துண்டும் வெள்ளையில் ஒரு துண்டும் வெட்டி மேஜைமேல் போட்டேன்.

"மாமா, நல்லா பாருங்க. உங்க உடம்புல குரோமோசோம் இருபத்து மூணு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலயும் சிவப்பு உங்க அப்பா குடுத்தது, வெள்ளை உங்க அம்மா குடுத்தது. பிள்ளைக்கு நீங்க ஜோடியோட குடுக்க முடியாது, பாதிதான் குடுக்கணும். அதுக்குன்னே விந்தணு உண்டாகறப்ப தனியா ஒரு பிரிவு நடக்குது. குன்றல் பிரிவுன்னு பேரு."

"ம்," என்றார், சோற்றைப் பிசைந்தபடி.

"முதல்ல ஒவ்வொண்ணும் தன்னையே ஒரு படி எடுத்துக்கும். அப்புறம் ஜோடி ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஒட்டிப் படுக்கும். படுத்த வாக்குல துண்டு மாத்திக்கும்." சிவப்பில் கொஞ்சம் வெட்டி வெள்ளையோடு சேர்த்தேன், வெள்ளையில் கொஞ்சம் சிவப்போடு. "இப்ப இது உங்க அப்பாவும் இல்ல, உங்க அம்மாவும் இல்ல. அதுக்கப்புறம் ஜோடி பிரியும். எது இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம்னு ஒரு சட்டமும் கிடையாது. துண்டு மாத்தாம விட்டாலே எண்பது லட்சத்துக்கு மேல விதமா பிரியலாம். மறுபடி ஒரு தடவ பிரிஞ்சு, ஒரு செல்லு நாலாகும். நாலும் நாலு விதம். அக்கா பக்கமும் இதே கதைதான். என்ன, அங்க ஒண்ணுதான் கருமுட்டையா நிக்கும், மத்தது வத்திப்போயிடும். உங்ககிட்ட ஒளிஞ்சிருந்ததும் அக்காகிட்ட ஒளிஞ்சிருந்ததும் சேந்ததாலதான் இந்தப் பூனைக்கண்ணு. அச்சு அசலா வேணும்னா, நீங்க கல்யாணம் பண்ணியிருக்கக் கூடாது, குச்சி வெட்டி நட்டிருக்கணும்!"

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாமா கையைக் கழுவிக்கொண்டு வந்து, வெந்த காதோடு நின்றவளைப் பார்த்தார்.

"ஆக, வேண்டாதத வத்த விடறதுதான் முறைன்னு டீச்சரம்மாவே சொல்லிட்டாங்க."

இந்த ஆளிடம் பேசினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

வருஷங்கள் போயின. பையனுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம், ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. உடம்பெல்லாம் நீலம் நீலமாகத் திட்டு. ரத்தப் புற்றுநோய் என்றார்கள். வேறொருவர் எலும்பு மஜ்ஜையை ஏற்றினால்தான் பிழைப்பான், கூடப் பிறந்தவர்களுடையது பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர்.

"அது சேராது டாக்டர், வேற விதை," என்றார் மாமா. அந்தப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்.

சோதனை முடிவு வந்தது. டாக்டர் அக்காவை உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"முழுசா பொருந்துது. நாங்க பாக்கிற இடத்துல அண்ணனுக்கு அப்பாகிட்டருந்து எது போச்சோ, இவங்களுக்கும் அதுவே. அம்மாகிட்டருந்தும் அதே மாதிரி. ஒரே அப்பா, ஒரே அம்மா. அதுல சந்தேகமே வேண்டாம்."

அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். எத்தனை வருஷத்துப் பழி! அந்தப் பெண் அழவில்லை. மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சொல் இப்போதாவது வரும் என்று நானும் காத்திருந்தேன்.

"எப்ப எடுப்பீங்க?" என்றார் மாமா, டாக்டரிடம்.

அவளைக் குப்புறப் படுக்க வைத்து, இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை எடுத்தார்கள். பையன் பிழைத்தான். வீடு திரும்பிய அன்று பந்தலுக்கடியில் வேலையாட்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். மாமா பையனின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"விதைக்கன்ன எதுக்கு வளக்கிறோம்னு கேப்பீங்களே! ஒட்டு நிக்கணும்னா அடியில ஒரு தலை போகணும்!"

எல்லாரும் சிரித்தார்கள். பையனும் சிரித்தான், அதே கோணல் சிரிப்பு. உடம்பில் ஓடுவது அவள் கொடுத்த ரத்தம், அதோடு சிரித்தான் பாவி. அவள் இடுப்பைப் பிடித்தபடி குழாயடியில் நின்றிருந்தாள். அந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். வேறு ஊரில், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை.

நோய் திரும்பி வந்தது. அவளுடைய வெள்ளணுக்களை மறுபடி ஏற்றிப் பார்க்கலாம், அவளுடையதுதான் வேண்டும் என்றார் டாக்டர். மாமாவின் போனை அவள் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி அறையில் என் போனில் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்துக் கொடுத்தேன்.

"சொல்லுங்க சித்தி."

"மகளே!" என்றார் மாமா.

அந்தப் பக்கம் கடையில் யாரோ விலை கேட்கிற சத்தம் மட்டும் வந்தது.

"அப்பாதான்மா. ஒரே ஒரு தடவ வந்துட்டுப் போ. உங்கண்ணன் கெடக்கிற கெடப்பு..."

அவள் கோபப்படவே இல்லை. வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"விதைக்கன்னு தலைய ஒரு தடவதாங்க வெட்ட முடியும்."

போன் அணைந்தது. மாமா அதை என் மடியில் எறிந்துவிட்டுக் கத்தினார்.

"கூடப் பொறந்தவன் சாகக் கெடக்கறான், இவளுக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதா? கேலி பேசுறா, கேலி! யாரக் கொண்டு பொறந்தா இவ?"

அக்கா மகனின் உதட்டோரத்து ரத்தத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அப்படியே உங்கள உரிச்சு வெச்சிருக்கா."