பார்த்ததை மட்டும் சொன்ன எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் ஒரு தங்கையின் வணக்கம். தமிழ் படிக்க வராத நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் யாராவது இதைப் படித்துக் காட்ட வேண்டுகிறேன். அவர்களுக்கு அவர் 'பூச்சி மாமா'.

அண்ணன் பிறந்தது மராத்தி பேசும் ஊரான போபோடியில், ரயில் பாதையை ஒட்டிய சந்தில். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்கிக்கு ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆண்டே அப்பா காலமானார். மேலே படிக்கும் ஆசையை அண்ணன் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சாகணில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். பாகங்களில் கீறலோ விரிசலோ இருக்கிறதா என்று பார்த்து அனுப்பும் வேலை. என் படிப்பும் கல்யாணமும் அந்த உழைப்பில் நடந்தவை.

அண்ணன் கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து, வீட்டுச் சன்னல் சட்டத்தில் ஒரு குளவி மண்கூடு கட்டத் தொடங்கியது. குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று அம்மா அதைக் கலைக்க விடவில்லை. அண்ணியும் நம்பிக்கையோடு பார்த்திருந்தார். அண்ணன் விடுமுறை நாட்களில் நாற்காலி போட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். குளவி சின்னச் சின்னச் சிலந்திகளைக் கொட்டி மயக்கித் தூக்கி வந்து, உள்ளே பிறக்கப்போகும் புழுவுக்கு இரையாக வைத்து மூடியது. அந்தச் சிலந்திகள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை என்பது அவருக்கு வியப்பாக இருந்தது. பிறகு ஒருநாள் கூட்டைத் துளைத்துக்கொண்டு புதுக் குளவி பறந்துபோயிற்று. அண்ணி காத்திருந்த குழந்தை கடைசிவரை வரவில்லை. அந்தத் துக்கத்தை அவர்கள் இருவரும் பேசிக்கொண்டு நான் கேட்டதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டில் இருப்பது குறைந்தது.

லோக்கல் ரயில் ஏறித் தளேகாவ் வருவார். என் வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டுப் பின்னால் இருக்கும் டேக்டி என்கிற சின்னக் குன்றில் ஏறிவிடுவார். செல்போனில் மாட்டும் சின்ன லென்ஸ் ஒன்று வைத்திருந்தார். இலையின் அடியில், கல்லின் இடுக்கில், காய்ந்த புல்லில் இருப்பதையெல்லாம் படம் எடுத்து இணையத்தில் போடுவார். பெயர் தெரிந்தவர்கள் அங்கே சொல்வார்கள். போகப்போக மற்றவர்களுக்கு அவரும் சொல்லத் தொடங்கினார். இந்த வழியில்தான், கூடவே நடந்து பூச்சி பார்க்கும் நிலேஷும் அவருடைய நண்பர்களும் அண்ணனுக்குப் பழக்கமானார்கள்.

அண்ணனிடம் ஒரு பிடிவாதம் உண்டு. படத்தில் சிலந்தியின் இனத்தைக் காட்டும் கண் வரிசை தெரியவில்லை என்றால், எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னாலும் அவர் 'சிலந்தி' என்று மட்டுமே எழுதுவார். பார்க்காததை எப்படி எழுதுவது என்பார். வேலையிலும் வீட்டிலும் அவர் அப்படித்தான்.

சர்க்கரை நோய் முதலில் ஒரு கண்ணை எடுத்துக்கொண்டது. மற்றக் கண்ணுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஒருநாள் டாக்டர் என்னையும் அண்ணியையும் தனியே அழைத்து, போன பார்வை திரும்பாது, இருப்பதும் நிற்காது என்றார். வெளியே வரும்போது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். சொட்டு மருந்தில் சரியாகிவிடும் என்று அண்ணனிடம் சொல்லச் சொன்னார். அண்ணி அழுததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தத்தை வைத்தே என் பக்கம் திரும்பினார்.

"செல்வி, டாக்டர் என்னா சொன்னாரு? நீ கேட்டதை மட்டும் சொல்லு."

அவரிடம் என்னால் வேறு எதையும் சொல்ல முடியவில்லை. "போனது இனிமே வராதாம்ணா. இருக்கறதும் கொஞ்சம் கொஞ்சமா போயிடுமாம்."

பிறகு அண்ணியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சரி செல்வி. ஞாயித்துக்கெழமை நீ என்கூட டேக்டிக்கு வரணும்."

சிலந்தி என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நடுக்கம். அண்ணி அவரை ரயில் ஏற்றிக் கூட்டி வந்து என் வீட்டில் விடுவார். நான் கையைப் பிடித்து மேலே அழைத்துப் போவேன். முதல் நாள் ஒரு புதரில் பெரிய வலையைக் கண்டு கத்திவிட்டேன். அது ஒன்றும் பண்ணாது, காலை எப்படி வைத்திருக்கிறது என்று மட்டும் சொல் என்றார். ரெண்டு ரெண்டாகச் சேர்த்து, பெருக்கல் குறி மாதிரி என்றேன். வலையில் வெள்ளையாக வளைந்து வளைந்து கோடு உண்டா என்று கேட்டார். இருந்தது. பெயரைச் சொல்லிவிட்டு, காற்றில் வலை எவ்வளவு ஆடுகிறது, அது தலைகீழாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு விரலை மெல்ல நீட்டினார். ஓரத்து இழை ஒன்றில் விரல் பட்டதும் அப்படியே நின்றுவிட்டார். எனக்குத் தாங்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

இரண்டு மழைக்காலம் அப்படிப் போனோம். அதன் பிறகு சிறுநீரகமும் கெட்டது. டயாலிசிஸ் தொடங்கியபின் மலை ஏறும் தெம்பு அவருக்கு இல்லை. நிலேஷ் வீட்டுக்கு வந்து, அந்த வாரம் பார்த்ததையெல்லாம் இந்தியில் சொல்வார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

கடைசி நாள் காலையில், மழை நின்றுவிட்டதா என்று அண்ணியிடம் கேட்டார். நின்றுவிட்டது என்றார் அண்ணி. "இனிமே எல்லாம் வெளிய வரும்," என்றாராம். அன்று மதியம் ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது.

காரியம் முடிந்த வாரத்தில், ஒருநாள்கூட டேக்டி ஏறாத அண்ணி, போகலாம் வா என்று என்னைக் கூப்பிட்டார். பாதி தூரத்தில் ஒரு செடியருகே குனிந்தார்.

"பச்சைக் கலரு. கால் பூரா முள்ளு முள்ளா இருக்கு. வலை இல்ல."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். எனக்கு அதன் பெயர் தெரியவில்லை. இருவரும் அங்கேயே உட்கார்ந்து அழுதோம்.

அண்ணனுக்காகத் தங்கள் நடையை மெதுவாக்கிக்கொண்ட நிலேஷுக்கும் நண்பர்களுக்கும், டயாலிசிஸ் நாட்களில் மழையென்றும் பாராமல் ஆட்டோ கொண்டுவந்த பக்கத்து வீட்டு ரஃபீக் பாய்க்கும், வேலூரிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வந்த சித்தப்பா குடும்பத்தாருக்கும், அண்ணியைத் தனியே விடாமல் மாறி மாறி வந்து தங்கிய போபோடிப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நன்றி சொன்னாலே அண்ணனுக்குக் கூச்சமாக இருக்கும். போதும் செல்வி என்று பேச்சை மாற்றிவிடுவார். இன்று நான் எத்தனை முறை சொன்னாலும் நிறுத்தச் சொல்ல அவர் இல்லை.