கிழக்குத்தெரு முக்கில் சப்பரம்

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே, மேற்கு ஜெர்மனியில், எனக்கு நடந்தவை:

1. பூசைக்குப் போய், தூணுக்குப் பின்னால் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.
2. பங்குப் பேரவையில் இருக்கும் ரொட்டிக்கடை அம்மாள், ஃப்ரௌ கெர்ட்ரூட், முன்பக்கத்தைக் கைகாட்டினார்.
3. உட்காரக் கூடாத இடத்தில் உட்கார்ந்துவிட்டேன் என்று நினைத்து, எழுந்து சுவரோரம் போய் நின்றேன்.
4. அவர் என் கையைப் பிடித்து வாசக மேடைக்குக் கூட்டிப்போனார். அன்று மன்றாட்டு வாசிக்க வேண்டியது நானாம். முந்தின வாரம் அவர் கேட்டதற்குப் புரியாமலே தலையாட்டியிருக்கிறேன்.
5. வாசித்தேன். முடித்ததும் தூணுக்குப் பின்னாலேயே திரும்பிப் போனேன்.
6. வீட்டுக்கு வந்தால், முந்தின நாள் நான் பார்க்காமல் விட்ட கடிதம் தபால் பெட்டியில் கிடந்தது.

ஆறாவதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

"அங்கிருந்து பீடம் தெரியாதே, ஏன் அங்கே போகிறாய்?" என்று கேட்டார் ஃப்ரௌ கெர்ட்ரூட். "பழக்கம்" என்றேன். தூணையொட்டி ஓடும் கணப்புக் குழாயின் கதகதப்புக்குப் பழகிவிட்டதைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு என் தோளைத் தட்டினார்.

எங்கள் ஊர் எப்போதும்வென்றான் என்ற ஊருக்குத் தெற்கே, பருத்திக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. சிலுவை வடிவில் கட்டிய கோவிலின் வடக்குச் சிறகு கிழக்குத்தெருக்காரர்களாகிய எங்களுக்கு. அங்கிருந்தும் பீடம் தெரியாது. மணிச்சத்தம் கேட்டு முழந்தாளிடுவோம். சொரூபம் வைத்துத் தோளில் தூக்கிவரும் திருவிழாச் சப்பரம் மற்ற மூன்று தெருவும் சுற்றி, எங்கள் தெரு முக்கில் நின்று, அப்படியே திரும்பிவிடும். கேட்டால் யாரும் சாதி என்று சொல்ல மாட்டார்கள். "தெரு ஒடுக்கம்லா, சப்பரம் மாட்டிக்கிடும்" என்பார்கள்.

இங்கே வருவதற்குக் கொஞ்சம் முன்பு நான் சிவில் டிப்ளமா முடித்திருந்தேன். புதன்கிழமை தோறும் பள்ளிக்கூடத்தில் பங்குச் சாமியார் இல்லாமலே பைபிள் வாசிக்கக் கூடுவோம். மேலத்தெருவும் எங்கள் தெருவும் கலந்து எட்டுப் பேர். கூட்டியவர் மேலத்தெரு மிக்கேல் அண்ணாச்சி, கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலையில் போர்மேன். ஒரு புதன்கிழமை அவர்தான் சொன்னார்: "ஒடுக்கம்னுதான சொல்லுதாவ? நீ படிச்ச பிள்ள. அளந்துரு தங்கச்சி."

டேப்பும் நோட்டுமாக மறுநாளே இறங்கினேன். மேலத்தெருப் பெரியம்மா ஒருத்தி வாசலில் நின்று கேட்டாள்: "ஏட்டி, தெருவையே கிரயம் முடிக்கப் போறியா?"

"வெல படிஞ்சா முடிச்சிருவோம் பெரியம்மா."

மேலத்தெருவின் மிக ஒடுக்கமான இடம் ஒன்பதடி. எங்கள் தெருவிலோ பத்தேகால்! படம் வரைந்து கோவில் கதவில் ஒட்டினோம். ஊர்ப் பெரியவர்கள் அதைப் பார்த்தும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊர் ஒத்துக்கிட்டா எனக்குச் சம்மதம்" என்றார் சாமியார். அதனால் சப்பரத்தின் அளவிலேயே மூங்கில் சட்டம் கட்டி, பட்டப்பகலில், ஊர் முழுக்கப் பார்க்க வெள்ளோட்டம் விட்டோம்.

முக்கில் மாட்டிக்கொண்டது.

தப்பு என்னுடையது. கொட்டகையில் நின்ற சப்பரத்தைத்தான் அளந்திருந்தேன். திருவிழா இல்லாத நாளில் தூக்குக் கொம்புகளைக் கழற்றி மேலே உத்தரத்தில் கட்டிவிடுவார்கள். முன்னும் பின்னும் நாலடி நீளும் கொம்பு என் படத்தில் இல்லவே இல்லை. வெள்ளோட்டத்தில் மூங்கில் சட்டத்தில் அந்தக் கொம்பைப் பூட்டித் தூக்கினார்கள். திரும்பும்போது முன்கொம்பு, முக்கிலேயே இருக்கும் எங்கள் வீட்டுக் குளிப்பறைச் சுவரில் இடித்தது.

"இஞ்சினியரம்மா, சாமிய மடக்கியா கொண்டு போவோம்?" என்று ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது. "நாங்க அப்பவே சொன்னோம்லா" என்றார்கள் பெரியவர்கள். நான் டேப்பை எடுத்துக் கொம்பு இடித்த இடத்தை அளந்தேன். உள்ளேயிருந்து வந்த அப்பா சுவரைப் பார்த்தார்.

"எத்தன அடி வேணும்?"

"மூணு."

"மூணடிச் சுவருக்கா சாமி இத்தன வருசமா திரும்பிப் போச்சு?"

மறுநாள் காலையில் கடப்பாரை போட்டார். இடித்த மண்ணை அள்ள மிக்கேல் அண்ணாச்சி சட்டியோடு வந்தார். வெயில் ஏறியதும் எங்கள் வீட்டுச் செம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். தெருவே அதைப் பார்த்தது.

திருவிழாவுக்கு இரண்டு மாதம் முன்பு, வரைபட அலுவலகத்தில் பயிற்சிக்கென்று நான் இங்கே வந்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பெட்டியில் கிடந்தது அண்ணாச்சியின் கடிதம்.

"தங்கச்சி, சப்பரம் உங்க தெருவுக்குள்ள வந்துட்டு! முன்கொம்பு தூக்குனது எங்க தெரு, பின்கொம்பு தூக்குனது உங்க தெரு. எங்க தெருவுல பாதிப்பேரு கதவச் சாத்திக்கிட்டாவ. சாத்தட்டும். முக்குல உங்க அப்பா 'மெதுவா, மெதுவா'ன்னு சத்தம் போட்டுக்கிட்டே நின்னாவ. சுவருக்கும் கொம்புக்கும் நாலு விரக்கடை மிச்சம்."

என் கணக்கில் ஆறு. குளிருக்குப் போட்ட மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நான்கு முறை படித்தேன். பிறகு தாளை விரித்து அந்த முக்கை மறுபடியும் வரைந்தேன், இந்த முறை கொம்போடு.

இப்போதைய நிலை இதுதான். சப்பரம் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. வடக்குச் சிறகு அப்படியே இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் எங்கள் தெருக் கல்லறைகளைத் தனியாகப் பிரிக்கும் நடுச்சுவரும் நிற்கிறது. அதன் நீளத்தை அளந்து அனுப்பும்படி எழுதியிருக்கிறேன். டேப் அண்ணாச்சியிடம் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை இங்கே முதல் வாசகம் எனக்கு. வாசிப்பது மேடையில், உட்காருவது இன்னும் தூணுக்குப் பின்னால்.